நாற்பது ரூபாய்த் தண்ணீர்

மருதாசலம் சொல்லும் அந்தக் கதையைச் சென்னியப்பன் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சந்தேகப்பட்டுக்கொண்டே தலையாட்டியும் வந்திருக்கிறார், அதுதான் கேவலம் என்று ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளை விசில் கேட்டுக் கிழக்கு ஸ்டாண்டின் படிகளில் இறங்கும்போது நினைத்துக்கொண்டார். கதை சின்னதுதான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இதே ஸ்டாண்டின் இதே ஆறாவது வரிசையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் மைதானத்துக்குள் பறந்துபோய் லைன்ஸ்மேனின் புருவத்தைக் கிழித்தது. எறிந்தவன் நஞ்சப்பன். பார்த்தவன் மருதாசலம். அன்றோடு வீட்டுத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்றாகிவிட்டது. கேட்டில் செக்யூரிட்டி பையைக் கவிழ்த்துப் பார்ப்பான், பாட்டில் இருந்தால் பிடுங்கி டிரம்மில் போடுவான், உள்ளே ஒரே ஒரு கேன்டீன், அவன் வைத்ததுதான் விலை. முதலில் இரண்டு ரூபாய் இருந்தது, பிறகு ஐந்து, பத்து, போன வருடம் இருபது. இந்த சீசன் பழைய விலைமேல் வெள்ளைத்தாள் ஒட்டி அதன்மேல் நாற்பது என்று எழுதியிருக்கிறான். தாளின் ஓரம் நன்றாக ஒட்டாமல் காற்றில் தூக்கித் தூக்கி அடித்தது, அடியில் இருபது எட்டிப் பார்த்தது. விலை ஏறும் ஒவ்வொரு சீசனும் மருதாசலத்துக்கு அந்தக் கதையைச் சொல்ல ஒரு வாய்ப்பு. இன்றைக்கும் சொல்வான். கேன்டீன் வரிசையில் சென்னியப்பனுக்கு நாலு பேர் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. சர்க்கரை வந்த பிறகு இந்த வறட்சி ஒரு தனி ஆள்மாதிரி கூடவே வருகிறது, கூட உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறது. மூன்று மணி வெயில் தகர ஷெட்டுக்குக் கீழே இறங்கி நின்றிருந்தது. வரிசை நகரவில்லை.

"தண்ணி நாப்பது, லெமன் சோடா எம்பது," என்றார் பின்னால் நின்ற காதர் பாய். உக்கடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர், முப்பது வருடமாக ஸ்டாண்டில் ஐந்தாவது வரிசை. "கோல் அடிச்சானுகன்னாக்கூடப் பரவால்லீங், மனசு குளுந்து குடுக்கலாம். பாதி ஆட்டத்துல ஒரு கார்னர்கூட வாங்கல. இவனுக தோக்கறதப் பாக்கறதுக்கு எனக்குத் தண்ணி வேற தவிக்குது பாருங்க." யாரோ முன்னாலிருந்து, "பாய், உங்க கடையில ஒரு நட்டு என்ன வெலன்னு எங்களுக்குத் தெரியாதா," என்றான். "என்ற கடைக்குப் பக்கத்துலயே இன்னும் பத்துக் கடை இருக்குதப்பா. உன்னைய உள்ள உட்டுக் கதவச் சாத்திட்டா நான் நட்டு விக்கறேன்?" சிரிப்பு எழுந்து வரிசையின் நீளத்துக்கு ஓடி அடங்கியது. இது சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர், விருந்தாளி வந்தால் காப்பிக்கு முன்னால் தண்ணீரைக் கொடுத்து அது எப்படி இருக்கிறது என்று முகத்தைப் பார்க்கிற ஊர், இந்த ஊர்க்காரனிடமே தண்ணீரை விற்கிறான் என்று இன்னொருவர் புலம்பினார். வாங்காமல் இருந்து பார்ப்போம், ஒரு மேட்ச் மொத்த ஸ்டாண்டும் வாங்காமல் இருந்தால் தானே இறங்கி வருவான் என்றது ஒரு குரல். நீ முதலில் வரிசையை விட்டு வெளியே போ என்றது இன்னொன்று. யாரும் போகவில்லை. சென்னியப்பனும் போகவில்லை. போயிருக்கலாம். ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் செத்துவிடமாட்டார். ஆனால் எதிலிருந்துதான் அவர் வெளியே போயிருக்கிறார். மில் மூடியபோது கடைசிச் சங்கு ஊதும்வரை நின்றார், பம்ப் கம்பெனியில் டைம்கீப்பராக இருபது வருடம் மற்றவர்களின் வருகையைக் குறித்துக்கொண்டு நிற்கிறார், மருதாசலம் கதை சொல்லும்போது பக்கத்தில் நிற்கிறார். நிற்கிற ஆள். அன்றைக்கும் நின்றாரா? ஸ்டாண்டே எழுந்து நின்றது. எழுந்து நின்றதுவரை தெரியும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால் மருதாசலத்தைத்தான் கேட்கவேண்டும்.

மருதாசலம் தொடங்கிவிட்டான். முன்னால் நின்ற நாலைந்து இளவட்டங்கள் திரும்பிக் கேட்டன. "ஃபைனல் ஆட்டமப்பா. நம்ம நொய்யல் டீமு ஒண்ணுக்குப் பூச்சியம் பின்னால. எம்பதாவது நிமிசம், நம்மாளு உள்ள தள்ளீட்டான். கோலு. ஆனா லைன்ஸ்மேன் கொடியத் தூக்கி நிக்கறான், ஆஃப்சைடுன்னு. எனக்கு வலது பக்கம் ரெண்டாவது ஆளு நஞ்சப்பன். கைய ஓங்குனத என்ற கண்ணால பாத்தேன். மஞ்ச நூலு கட்டுன பாட்டில்." மஞ்சள் நூல். ஆரம்ப வருடங்களில் இந்தக் கதையில் நூலே கிடையாது. கை ஓங்கியது இருந்தது, லைன்ஸ்மேன் சுண்ணாம்புக் கோட்டின்மேல் உட்கார்ந்ததும் வெள்ளையில் சிவப்பு சொட்டியதும் இருந்தது. நூல் ஐந்தாவது ஆறாவது வருடத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் நூல் என்னவோ உண்மைதான். அந்த வரிசையின் வழக்கம் அது. மருதாசலத்தின் மாமனாருக்கு டவுன்ஹால் பக்கம் பால்கடை, கடையில் ஆளை உள்ளே படுக்கவைக்கிற அளவுக்கு ஐஸ்பெட்டி. ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஒரே நூல்மில்லில் வேலை பார்த்த ஆறாவது வரிசைக்காரர்கள் எல்லாரும் சிறுவாணித் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் அவை கல்லாகி, மரத்தூள் போட்ட சணல் சாக்கில் மருதாசலத்தின் தோளில் மைதானத்துக்கு வரும். யாருடையது எது என்று தெரிய மில்லில் கோன் சுற்றும் கலர் நூலைக் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவது. மருதாசலத்துக்குப் பச்சை. நஞ்சப்பனுக்கு மஞ்சள். சென்னியப்பனுக்குச் சிவப்பு. உருக உருகக் குடிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் காலிப் பாட்டில்களை மருதாசலம் எண்ணி வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டுபோய்க் கழுவி, மறுநாள் மில் கேட்டில் அவரவரிடம் கொடுப்பான். ஒரு பாட்டில்கூடத் தொலைந்ததில்லை என்று அவனுக்கு அதில் ஒரு பெருமை. எண்பதாவது நிமிடத்தில் அந்தப் பாட்டில் பாதி உருகியிருக்கும், உள்ளே ஒரு ஐஸ்கட்டி முட்டி முட்டிச் சத்தம் போடும். தண்ணீர் பாட்டில் ஒருவன் புருவத்தைக் கிழிக்குமா என்று கேட்கிறவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது.

அங்கேதான் சென்னியப்பனுக்கு எப்போதும் முள் தட்டும். அந்த வாரம் நஞ்சப்பனுக்கு இரண்டாவது ஷிப்ட். ஆட்டத்துக்கு வரமுடியுமோ முடியாதோ, நீ உன்ற பாட்டில மட்டும் குடுத்துரு என்று, நூல் நூற்கும் ரிங்ஃபிரேமின் சத்தத்தில் காதுக்குள் வந்து சொன்னான். சொன்னானா? அல்லது, என்ற பாட்டிலையும் சேத்துக் குடுத்துரு என்று சொன்னானா? சென்னியப்பன் அந்தச் சாயங்காலத்தைப் பலமுறை போய்ப் பார்த்திருக்கிறார். சைக்கிள், ஹேண்டில்பாரில் மாட்டிய ஒயர்கூடை, ஒப்பணக்கார வீதி நெரிசல், கூடை முழங்காலில் இடிக்கிறது. ஒரு பாட்டில் இருந்தால் கூடை ஒருபக்கமாகச் சாயும். இரண்டு என்றால் ஒன்றோடொன்று உரசும். உரசியதா? சில நாள் உரசுகிறது. சில நாள் சாய்கிறது. நஞ்சப்பன் எப்படியோ ஷிப்ட் மாற்றி ஆட்டத்துக்கு வந்துவிட்டான், அது நிச்சயம், மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து பஞ்சு ஒட்டிய தலையைத் துண்டால் தட்டினான். அவன் கையில் மஞ்சள் நூல் பாட்டில் இருந்ததா என்பதுதான் நிச்சயமில்லை. கூடையில் ஒரே பாட்டில் என்றால் மருதாசலம் சொல்லும் மஞ்சள் நூல் பொய். பொய் என்றால் எதற்காகப் பொய்? அதற்கும் சென்னியப்பனிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. எறிந்தவன் மருதாசலம். போலீஸ் ஏறி வந்து தடியால் விளாசி, எவன்டா எறிஞ்சது, பேரச் சொல்லாட்டி மொத்த வரிசையையும் வண்டியில ஏத்துவேன் என்று கத்தியபோது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நஞ்சப்பன் பெயரைச் சொல்லிவிட்டான். இப்படி நினைத்து நினைத்து அந்தப் பதில் சென்னியப்பனுக்குப் பழைய செருப்புமாதிரிப் பழகிப்போயிருந்தது. உள்ளுக்குள் ஒருத்தனைக் குற்றவாளியாக்கி வைத்துக்கொண்டு, வெளியே அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் வீட்டு முறுக்கைத் தின்பது. அவருக்கு அதில் ஒரு ரகசியத் திருப்தி இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் எப்போதோ கேட்டிருப்பார்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. தமயந்தி அட்டையும் பேனாவுமாக வந்தாள். கார்ப்பரேஷன் ஸ்கூலில் விளையாட்டு டீச்சர், நாலு வருடமாகத்தான் ஆறாவது வரிசை, ஆனால் காரியம் ஆகவேண்டுமென்றால் இப்போது அவள்தான். "அண்ணா, மனு ரெடிங்க. நாப்பதக் கொறைங்கன்னு கேட்டா முப்பத்தஞ்சு ஆக்குவானுக, அடுத்த வருசம் அம்பதும்பானுக. அதனால வெல பத்தி ஒரு வார்த்தைகூட எழுதல. வீட்டுத் தண்ணி கொண்டாற உடுங்கன்னுதான் எழுதியிருக்கேன்." "அதான் சரி," என்றார் காதர் பாய், "வாத்தியாரம்மா மூளையே மூளை." அட்டையைச் சென்னியப்பனிடம் நீட்டினாள். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 'மேற்படி செயல் நஞ்சப்பன் என்ற ஒரு தனிநபரால் செய்யப்பட்டது. அவரை அன்றே காவல்துறையிடம் அடையாளம் காட்டியதும் எங்கள் வரிசையினரே. ஒருவர் செய்த குற்றத்துக்காக ஆயிரக்கணக்கான ரசிகர்கள் இருபத்தாறு ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிப்பது நியாயமல்ல என்பதை நேரில் கண்ட சாட்சிகளாகிய நாங்கள் தெரிவித்துக்கொள்கிறோம்.' கீழே இரண்டு கோடுகள். முதல் கோட்டில் மருதாசலம் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். "இன்னொண்ணு நீங்கதானுங். அந்த வரிசையில அன்னைக்கு இருந்தவங்கள்ல இப்ப வர்றது நீங்க ரெண்டு பேர்தானுங்களே. ஃபுட்பால் சங்கச் செயலாளர் செகண்ட் ஆஃப் முடியறதுக்குள்ள கெளம்பிருவாருங், இப்பவே கொண்டுபோய்க் குடுத்தரோணும்." நேரில் கண்ட. அவர் என்ன கண்டார். கொடியைக் கண்டார். அந்தக் கொடி மஞ்சளும் சிவப்பும் கட்டம் போட்டது, அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "ஏனுங்கண்ணா, எல்லாருக்கும் ஒரொரு கலர்னு மருதாசலண்ணா சொன்னாங்க. உங்களுது என்ன கலருங்?" என்று தமயந்தி சும்மா கேட்டாள், அவர் படித்து முடிக்கும்வரை எதையாவது பேசவேண்டுமே என்று கேட்டதுமாதிரிதான் இருந்தது. சென்னியப்பன் வாயைத் திறப்பதற்குள் நாலு பேருக்கு முன்னாலிருந்து மருதாசலம் திரும்பினான். "அவன் அன்னைக்குப் பாட்டிலே கொண்டாரலம்மா," என்றான். சொல்லிவிட்டு உடனே முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொண்டுவரவில்லையா? ஒன்றா இரண்டா என்பதுதானே இத்தனை வருடத்துக் கணக்கு. ஒன்று எப்போதும் உண்டு. அந்த ஒன்று சிவப்பு. கடை மேசைமேல் அவரே வைத்தார், மருதாசலம் அதை எடுத்து முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவ நல்லாக் கட்டியிருக்கறே என்றான், இது கூடைமாதிரி ஒருநாள் ஒன்றும் ஒருநாள் வேறொன்றும் ஆகிற நினைவு இல்லை, இது ஆணி அடித்துவைத்தது. பிறகு ஏன் இல்லை என்கிறான்? மறந்திருப்பான். மருதாசலமா மறப்பான், லைன்ஸ்மேன் போட்டிருந்த ஷூவின் பெயர்வரை சொல்கிறவன். கேள்வி வருவதற்கு முன்பே பதிலை மடித்து வைத்திருந்ததுமாதிரி அல்லவா அது வந்தது, எவ்வளவோ காலமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவன்மாதிரி. சென்னியப்பனுக்கு வலது உள்ளங்கை சில்லென்றது. சில்லென்றது என்பது பொய், வெயிலில் வேர்த்திருந்தது, ஆனால் அந்த மரத்துப்போன உணர்வு அவருக்குத் தெரியும். பாதி உருகிய பாட்டிலை ரொம்ப நேரம் பிடித்திருந்தால் விரல்கள் தன்னுடையவை இல்லைபோல ஆகுமே, அது. கொடி மேலே போகும்போது கை அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் தடி விழும்போது கையில் ஒன்றும் இல்லை, இரண்டு கையாலும் தலையைப் பொத்தியிருந்தார். நடுவில்? மறுநாள் வலது தோள் தூக்கமுடியாமல் வலித்தது. தடி விழுந்ததும் அதே தோளில். எதனால் வலித்தது என்று தோளைக் கேட்கமுடியாது. தொண்டை கட்டியிருந்தது, ஆஃப்சைடு இல்லடா என்று கத்தியது அவர்தான், அதை எல்லாரும் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள், சென்னி கத்துனது மருதமலைக்குக் கேட்டிருக்கும் என்று. அவ்வளவு கத்திய மனுஷன் கையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டா இருந்திருப்பான். வேண்டாம். இது தாகம். சர்க்கரை ஏறினால் இப்படித்தான் மனசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாது. டாக்டரே சொல்லியிருக்கிறார். எறிந்தவன் மருதாசலம், அதுதான் சரியாக உட்காருகிற பதில். ஆனால் மருதாசலம் எறிந்திருந்தால் சிவப்பு நூலை எதற்கு மறைக்கவேண்டும்? பச்சையை அல்லவா மறைக்கவேண்டும். பச்சையைப் பற்றி அவன் கூச்சமே இல்லாமல் சொல்லுவானே, என்ற பாட்டில் என்ற மடியில இருந்துச்சு என்று.

அப்புறம் நஞ்சப்பன் இருக்கிறான். ஸ்டேஷனில் மூன்று நாள், மூன்றாம் நாள் ஒத்துக்கிட்டான் என்று வந்து சொன்னதும் மருதாசலம்தான். மூன்று நாள் வைத்திருந்தால் யார்தான் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பதிலித் தொழிலாளி, நிரந்தரம் ஆகிற லிஸ்டில் பெயர் வந்திருந்த சமயம், மில் அவனை அந்த வாரமே நிறுத்திவிட்டது. திருப்பூருக்குப் போனான். மைதானத்துப் பக்கம் வரவேயில்லை. ஆறு வருடத்துக்கு முன் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சென்னியப்பன்தான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். அவன் பார்த்துவிட்டான். தலை முழுக்க நரைத்திருந்தது, இந்தத் தடவை பஞ்சு இல்லை. டீம் எப்படி ஆடுது என்று கேட்டான், கோல்கீப்பர் சரியில்லையாமே என்றான், பேப்பரில் விடாமல் பார்க்கிறான்போல. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டி, "குடிடா, சிறுவாணி இல்ல, பொறுத்துக்கோ," என்று சிரித்தான். சென்னியப்பன் குடித்தார். பஸ் நகரும்போது ஜன்னலோரம் வந்து, "உன்ற தோளு சரியாயிருச்சா?" என்று கேட்டான். இருபது வருடம் கழித்து ஒருவன் கேட்கிற கேள்வியா அது? தடி விழுந்ததைத்தான் கேட்டான். அவன் மேலும் விழுந்தது, அதனால் ஞாபகம் வைத்திருக்கிறான். அப்படித்தான் அன்றைக்கு எடுத்துக்கொண்டார், பல்லடம் வரும்வரை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தார். இப்போது அந்தக் கேள்வி வேறொரு பக்கத்தைக் காட்டியது. அன்றைக்குப் பக்கத்தில் நின்றவன் நஞ்சப்பன், அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் மூன்று நாள் வாங்கிக்கொண்டு, கடைசியில் தோளை விசாரிக்கிறானா. அல்லது அவனுக்கும் ஒன்றும் தெரியாமல், தன் கைதானோ என்று அவனும் திருப்பூரில் உட்கார்ந்து கூடையை எண்ணிக்கொண்டிருக்கிறானா. இரண்டில் எது மோசம் என்று சென்னியப்பனால் சொல்லமுடியவில்லை.

"எத்தனைங்க?" என்றான் கேன்டீன்காரன். வரிசை தீர்ந்துபோய்க் கவுண்டர் முன்னால் நின்றிருந்தார். "என்னைய மொறைக்காதீங்க, நானும் வாடகை கட்டறவந்தான்." ஒரு தண்ணீர் என்றார். காகிதக் கப்பில் முக்கால் அளவுக்கு ஊற்றி வைத்தான். மூடி போட்ட பாட்டில் ஸ்டாண்டுக்குள் போகக்கூடாது, அதனால் கப்பு. கப்பின் அடிப்பக்கம் ஊறி நசுங்கியது, தூக்கி எறிந்தால் இரண்டு அடிகூடப் போகாது. குடித்தார். வெதுவெதுவென்று டிரம்மின் வாசனையோடு இறங்கியது, தாகம் அப்படியே இருந்தது. மருதாசலம் தன்னுடைய லெமன் சோடாவோடு ஓரமாக நின்று அவருக்காகக் காத்திருந்தான், எப்போதும் காத்திருப்பான், ஒருநாள்கூட அவரை விட்டுவிட்டுப் படியேறியதில்லை. கதையை முடிக்கும்போதெல்லாம் சென்னியப்பனின் வலது தோளில் கை வைப்பான். சாட்சிக்குக் கூப்பிடுகிறான் என்றுதான் இத்தனை காலம் எரிச்சல்பட்டிருக்கிறார். "அண்ணா, விசில் ஊதப்போறாங்," என்று தமயந்தி அட்டையை ஈரமில்லாத பக்கமாகக் கவுண்டர்மேல் வைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். "போடுங்க சென்னியப்பண்ணா, உங்க ஒரு கையெழுத்துல ஊரே தண்ணி குடிக்கும்," என்றார் காதர் பாய். பேனா விரலுக்கு வந்துவிட்டது. இரண்டாவது கோடு காலியாக இருந்தது. போட்டுவிடலாம். நஞ்சப்பன் இதைப் பார்க்கவா போகிறான். பேப்பரில் வந்தால் பார்ப்பான், விடாமல் பார்க்கிறவன். அவர் நிமிர்ந்தார். மருதாசலம் கப்பிலிருந்து வாயை எடுத்து, கண்ணால் மட்டும் போடு என்றான். முப்பது வருடமாகத் தெரிந்த முகம். அதில் பயம் இருந்தது. தனக்காகப் பயப்படுகிறவன் முகம் இப்படி இருக்காது என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. மேலே ரெஃப்ரியின் விசில் கேட்டது, ஷெட்டுக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாம் படியை நோக்கிக் கலைந்தார்கள், தகரத்தின்மேல் ஆயிரம் கால்கள் ஏறுகிற சத்தம். பேனாவை அட்டைமேல் படுக்கவைத்தார். மருதாசலத்தின் அருகே போய், தமயந்திக்குக் கேட்காத குரலில், ஆனால் அவனுக்குக் கேட்காமல் போய்விடக்கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"மருதா, அன்னைக்கு நீ ஊட்டுக்குக் கொண்டுபோன சாக்குல என்ற செவப்பு நூலு பாட்டில் இருந்துச்சாடா?"